அக்கா பெயரில் ஓர் ஒப்பனை

நோயலீன் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு, உள்ளே அடுக்கியிருந்த தட்டுகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்போது தட்டு, கிளென். அதுல ஆறு டூனா மீன். செத்த வீட்டுக்கு டூனாதான் கொண்டு போகணும்னு இந்த எச்சூகா ஊருல எவடி சட்டம் போட்டது?"

"கதவை மூடு. குமட்டுது."

மீன், பாலேடு, அவித்த வெங்காயம் எல்லாம் சேர்ந்த அந்த வாடை ஆறு நாளாக வீட்டை விட்டுப் போகவில்லை. கிளெனிஸ் சன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தாள். குளிர்தான் வந்தது, வாடை போகவில்லை. கணவர் மெர்வின் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் ஒன்பது தட்டையும் காலி பண்ணியிருப்பார். அவரை இன்னும் இரண்டு மணி நேரத்தில் அடக்கம் செய்யப் போகிறார்கள்.

"இன்னும் ரெண்டே ரெண்டு படம்" என்றாள் நோயலீன். எழுபது வயதுக்காரி சமையலறைத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, அலுமினியத் தாளின் ஓரத்தைத் தூக்கிவிட்டு, உள்ளே உறைந்து கிடந்த பாலாடைக்கட்டியைப் படம் எடுத்தாள். கிளெனிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்காவுக்கு இது பதினோரு வருஷத்துப் பழக்கம். 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வலைப்பூ. வாரம் மூன்று நாள் எழுதுவாள். காலையில் என்ன சாப்பிட்டாள், எந்தக் கடையில் எந்தப் பெண் மூஞ்சியைச் சுளித்தாள், விவாகரத்தான புருஷனைத் தபால் நிலையத்தில் பார்த்தபோது அவன் வயிறு எப்படித் தொங்கியது என்று ஒன்றையும் மறைக்க மாட்டாள். சாகக் கிடந்த அம்மாவின் படுக்கை விரிப்பைக்கூட எழுதினாள். கிளெனிஸின் கால் நகத்தில் வந்த பூஞ்சையை எழுதினாள். 'என் தங்கையும் அவள் கணவரும் இப்போதெல்லாம் தொலைக்காட்சியைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்கிறார்கள்' என்று எழுதினாள். முந்நூற்றுச் சொச்சம் பேர் படிக்கிறார்கள். அதில் பாதிப் பேர் இந்த ஊர்க்காரர்கள். மறுநாள் மருந்துக் கடையில் வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவள் திரும்பி, "நகம் ஆறிடுச்சா கிளெனிஸ்?" என்பாள்.

நோயலீன் மேசையில் கையூன்றி எழுந்தாள். "இன்னிக்கு எழுதிப் போட்டுடலாம்னு இருக்கேன். ஒரு வாரமா ஒண்ணும் போடல. என்னாச்சு, என்னாச்சுன்னு கேக்குறாங்க."

கிளெனிஸின் கை, துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தது.

"வியாழக்கிழமையைப் பத்தியா?"

"வேற எதைப் பத்தி?"

"எல்லாத்தையுமா?"

நோயலீன் தங்கையைப் பார்த்தாள். கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டாள். "எனக்கு வேற எப்படி எழுதத் தெரியும்?"

எழுதாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் வியாழக்கிழமை நடந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். கிளெனிஸ் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

இங்கே குளிர்காலத்தின் கடைசி மாதமான ஆகஸ்ட் முழுவதும் நோயலீனுக்குப் பிறந்த மாதம். ஒரு நாள் போதாது அவளுக்கு. எந்தெந்தக் கடையில் பெயர் கொடுத்து வைத்திருக்கிறாளோ அத்தனை கடையும் பிறந்த மாதத்துக்குக் கூப்பன் அனுப்பும். ஓசிக் காபி, ஓசி டோனட், செருப்புக்குத் தள்ளுபடி. மாதம் முடிவதற்குள் எல்லாவற்றையும் வசூல் பண்ணிவிட வேண்டும். வருஷா வருஷம் கிளெனிஸையும் இழுத்துக்கொண்டு போவாள். போன இடமெல்லாம் படமெடுத்து எழுதுவாள். அதைப் படிக்கத்தான் ஆகஸ்டில் கூட்டம் அதிகம்.

போன வியாழக்கிழமை கடைசிக் கூப்பன். ஒரு மணி நேரம் காரோட்டிப் பெண்டிகோ நகரத்துக்குப் போனார்கள். பெரிய கடையின் ஒப்பனைப் பகுதியில் முழு முகத்துக்கும் இலவச ஒப்பனை. போய் உட்காரும்போது நோயலீனுக்குக் கண்ணிமையில் கட்டி. கண்ணில் கோளாறு உள்ளவர்களுக்குப் பூச மாட்டோம் என்று மேசையிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

"அய்யோ, வீணாப் போகுதே" என்று நோயலீன் அவள் விலாவில் இடித்தாள். "நீ உக்காருடி. நீதான் நானு."

கடைப் பெண் கேட்டாள்: "இதுல நோயலீன் யாரு?"

"நான்தாங்க" என்றாள் கிளெனிஸ். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி. அந்தப் பெண் 'பிறந்தநாள் ராணி' என்று எழுதிய பித்தானை அவள் மார்பில் குத்திவிட்டாள். "எத்தனை வயசுன்னு சொல்லவே முடியாது நோயலீன். தோல் எப்படி இருக்கு பாருங்க."

ஒரு கண் முடிந்து அடுத்த கண்ணுக்குப் போகும்போது மடியில் போன் அதிர்ந்தது. திரையில் 'மெர்வ்'. மெர்வினுக்குக் காது மந்தம். போனில் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். எடுத்த எடுப்பில் "கிளெ…ன்!" என்றுதான் கத்துவார். கத்தினால் இந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். பித்தானைப் பிடுங்கிக்கொண்டு பாதி முகத்தோடு எழுப்பிவிடுவாள். கிளெனிஸ் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நான்கு நிமிடத்தில் மறுபடி அதிர்ந்தது.

"எடுக்கலையா?" என்றாள் நோயலீன் மெல்ல.

"கெடக்கட்டும். ரிமோட்டைக் காணோம்னு கூப்பிடும் அந்த ஆளு. ஒரு மணி நேரம் தனியா இருந்தா செத்தா போயிடும்?"

அதுதான் அவள் சொன்ன வார்த்தை.

வீட்டுக்கு வந்தபோது மெர்வின் துணி துவைக்கும் அறைத் தரையில் உயிரில்லாமல் கிடந்தார். அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடவே இல்லை. இரண்டு முறை அவளைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். ஊரைக் கூட்டுவது அவருக்குப் பிடிக்காது. அவள் கூப்பிட்ட பிறகு ஆம்புலன்ஸில் வந்த இளைஞன் அவளிடம் பேசும்போது அவள் கண்ணைப் பார்க்காமல் நெற்றியைப் பார்த்துப் பேசினான். பிறகு குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு இமையிலும் தங்கப் பூச்சு, கன்னத்தில் ரோஜா நிறம், மார்பில் பிறந்தநாள் ராணி. வாந்தி எடுத்தாள்.

நாட்டின் மறுகோடியில், கர்ராத்தாவில் சுரங்க வேலையிலிருந்த மகன் ஹீத் போனில் கேட்ட முதல் கேள்வி, "அப்பா கூப்பிட்டப்ப நீ ஏம்மா எடுக்கல?"

"போன் கார்ல இருந்துச்சுப்பா" என்றாள்.

நோயலீன் அடுப்பங்கரையில் நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தது. தேநீர்ப் பையைக் கோப்பையில் போட்டாள். அன்றிலிருந்து அக்காவின் கையில் அந்தக் கைப்பேசியைப் பார்க்கும்போதெல்லாம், சாக்கடையிலிருந்து வந்த எலியைப் பார்ப்பதுபோலத்தான் கிளெனிஸ் பார்த்தாள்.

அடக்கத்துக்கு முந்திய கூட்டத்தில் லில்லிப் பூக்களின் கனத்த மணம் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. சடங்கு நடத்த வந்தவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஈரக் கை. மெர்வினை 'மார்வின்' என்று இரண்டு தடவை சொன்னார். திரையில் அவர் மீன் பிடிக்கும் படங்கள் ஓடின. எல்லாப் படத்திலும் மீன்தான் தெளிவாக இருந்தது.

ஹீத் எழுந்து போய்ப் பேசினான். ஆறடி ஆள், சட்டைக் கழுத்து இறுக்க, காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தான். அப்பா கற்றுக்கொடுத்த தூண்டில் முடிச்சு, அப்பா ஓட்டிய பழைய லாரி. அப்புறம் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"கடைசியா அப்பா ரெண்டு தடவை அம்மாவைக் கூப்பிட்டிருக்காரு. அம்மா போன் கார்ல இருந்துச்சு. நம்மல்ல யாரு போனை கார்ல விட்டதில்ல? அம்மா, எல்லார் முன்னாடியும் சொல்றேன். அது உன் தப்பு இல்ல. அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பாரு."

பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். கிளெனிஸுக்கு வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. கைக்குட்டையை உதட்டில் அழுத்திக்கொண்டாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கல்லறையிலிருந்து எல்லாரும் போல்ஸ் கிளப்புக்கு வந்தார்கள். மெர்வின் முப்பது வருஷம் புல்தரையில் பந்து உருட்டி விளையாடிய இடம். கம்பளத்தில் பழைய பீர் நாற்றம். நீள மேசையில் மறுபடியும் தட்டுகள். ஓரம் வெட்டிய முட்டை சாண்ட்விச், தக்காளிச் சாஸில் தோய்த்த சாசேஜ் ரோல், வீட்டிலிருந்து நோயலீன் தூக்கி வந்த டூனா. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒரு கையில் தட்டோடு வந்து மறு கையால் கிளெனிஸைத் தழுவினார்கள். ஒவ்வொரு தழுவலுக்கும் வெண்ணெய் வாசனை.

காரில் வரும்போதே நோயலீன் பின்னிருக்கையில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ தட்டி முடித்ததை கிளெனிஸ் கண்ணாடியில் பார்த்திருந்தாள். இப்போது சன்னலோரத்தில் ஒருத்தி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அவள் தோளுக்கு மேலே இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள். அப்புறம் மூன்றாவது ஆள். ஊரே அந்தச் சின்னத் திரைக்குள் போய்விட்டது போலிருந்தது. கிளெனிஸ் முட்டை சாண்ட்விச்சில் ஒரு கடி கடித்து, அதை விழுங்காமல் நின்றாள்.

பக்கத்து வீட்டு கோரல் நேராக அவளிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தாள் கிளெனிஸ்.

"அடப் பாவமே, கிளெனிஸ்" என்று கோரல் கட்டிக்கொண்டாள். "இப்படி ஒரு அக்காவை வச்சுக்கிட்டு ஆறு நாளா வாயைத் தொறக்காம இருந்திருக்கியே."

கிளெனிஸ் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். சாண்ட்விச்சைத் துப்பினாள். போனில் அக்காவின் பக்கத்தைத் திறந்தாள். மேலே டூனாத் தட்டின் படம். கீழே:

'வியாழக்கிழமை என் பிறந்த மாதத்தின் கடைசிக் கூப்பன். இலவச ஒப்பனை. கண்ணில் கட்டி இருப்பதைக் கடைப் பெண்ணிடம் மறைத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கை போனைக் காரில் விட்டிருந்தாள். போய் எடுத்து வருகிறேன், மெர்வ் தனியாக இருக்கிறார் என்று மூன்று தடவை சொன்னாள். இரு, ஓசியில் கிடைப்பதை யாராவது விடுவார்களா, உனக்கும் இமையில் கொஞ்சம் பூசச் சொல்கிறேன் என்று நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். அந்த நேரத்தில்தான் அவர் கூப்பிட்டிருக்கிறார். இங்கே நான் எதையும் மறைத்ததில்லை. இதையும் மறைக்கப் போவதில்லை.'

கிளெனிஸின் தங்க இமையை அன்று ஆம்புலன்ஸ்காரனும் கோரலும் பார்த்திருந்தார்கள். அதற்கும் பொய்க்குள் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள் அக்கா. பதினோரு வருஷத்தில் எழுதிய ஒரே பொய், அதையும் ஓட்டை இல்லாமல் எழுதியிருந்தாள்.

அதற்குக் கீழே படித்தவர்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். 'வெட்கமாக இல்லையா உங்களுக்கு?' 'ஓசி லிப்ஸ்டிக்குக்காக ஒரு உயிர்.' 'இதை அடக்கம் நடக்கும் நாளிலேயே எழுத எப்படி மனசு வந்தது? தூ.' 'பதினோரு வருஷமாகப் படிக்கிறேன். இன்றோடு சரி.'

கிளெனிஸ் வெளியே வரும்போது கூடத்தில் பேச்சு அடங்கியிருந்தது. ஹீத் நோயலீனுக்கு எதிரில் நின்றிருந்தான். கையில் யாருடைய போனோ.

"இது நெசமா, ஆன்ட்டி?"

நோயலீன் தன் தட்டின் மேல் அலுமினியத் தாளைப் போர்த்திக்கொண்டிருந்தாள். "நான் என்னிக்குடா பொய் எழுதியிருக்கேன்?"

"அங்க எங்கப்பா துணியலசுற ரூம்ல கெடக்குறாரு. இங்க நீங்க மூஞ்சிக்குப் பூசிக்கிட்டு…" குரல் உடைந்தது. 'நீங்க' போய்விட்டது. "போ. தயவுசெஞ்சு இங்கேருந்து போயிடு."

நோயலீன் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். வழிவிட்டார்கள். ஒருத்தி தன் பாவாடையைப் பக்கத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டாள், பட்டுவிடப் போகிறதே என்பதுபோல.

ஹீத் அம்மாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். "ஏம்மா எங்கிட்டச் சொல்லல? உங்கக்காவைக் காப்பாத்தவா? டீ கொண்டு வரேன், இரு."

அப்போது கிளெனிஸுக்குள் ஒன்று தளர்ந்தது. ஆறு நாளாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கி, மூச்சு முழுசாக வந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'வைத் தனக்குள் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. டூனாவோ லில்லிப்பூவோ ஈரக் கையோ எதுவும் அவ்வளவு அருவருப்பாக இல்லை. மகன் தேநீர் எடுக்கத் திரும்பியதும் எழுந்து பக்கக் கதவு வழியாக வெளியே போனாள்.

வந்த காரிலேயே நோயலீன் இப்போது காரோட்டும் இருக்கையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, விரலால் டூனாவை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். கிளெனிஸ் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"இதைப் போய்த் திங்கிறியே."

"பசிக்குது. உள்ள யாரு எனக்கு ஒரு சாண்ட்விச் குடுப்பா?"

"நான் உங்கிட்டக் கேட்டேனா? எனக்காகப் பொய் சொல்லுன்னு கேட்டேனா?"

"கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்." நோயலீன் விரலைக் கைக்குட்டையில் துடைத்தாள். "கூப்பன் என்னுது. பேரு என்னுது. திட்டு மட்டும் வேற பேருக்கு எதுக்கு? உனக்கு மிச்சம் இருக்கிறது ஹீத் ஒருத்தன். எனக்கு முந்நூறு பேரு, ஒருத்தன் மூஞ்சியும் ஒழுங்காத் தெரியாது. போறவன் போகட்டும்."

"கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு உக்காந்திருக்கியே, நாறுது."

"குளிருதுடி."

நோயலீனின் போன் கைப்பைக்குள் விட்டு விட்டு அதிர்ந்தபடி இருந்தது. ஒவ்வொரு அதிர்வும் ஒரு வசவு. அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

கிளெனிஸ் தன் போனை எடுத்தாள். "உன்னுதுக்குக் கீழ எல்லாரும் எழுதுறாங்களே, அது எங்க எழுதறது?"

"வேணாம், கிளென்."

"காட்டுடி."

"சொல்லணும்னா உள்ள போய் அவங்கிட்டச் சொல்லு. இதுல எதுக்கு?"

"வாயால சொன்னா பாதியில அழுதுடுவேன். அழுதா அவன் பாவம்னு கட்டிப் பிடிச்சுக்குவான். மீதியைச் சொல்லவே விட மாட்டான். இது எங்கம்மா எழுதினது, முழுசா இருக்குன்னு அவன் படிக்கணும். உன் மேல துப்பினவங்களும் படிக்கணும்."

நோயலீன் அவள் கையிலிருந்த திரையை இரண்டு தடவை தொட்டு, வெள்ளைப் பெட்டி ஒன்றைக் காட்டினாள். கிளெனிஸ் ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதினாள். 'நான் கிளெனிஸ் பாஸ்கோ. அக்கா எழுதியது பொய். நாற்காலியில் உட்கார்ந்தது நான். அக்கா பெயரைச் சொல்லி உட்கார்ந்தேன். போன் என் மடியில் இருந்தது. இரண்டு தடவையும் பார்த்தேன். எடுத்தால் பெயர் தெரிந்துவிடும் என்று எடுக்கவில்லை.'

"போதுமா?" என்று கேட்டாள்.

நோயலீன் எட்டிப் படித்தாள். "நீ சொன்ன வார்த்தையை விட்டுட்ட" என்றாள்.

"அதையுமா?"

"அது இல்லேன்னா, அக்காவைக் காப்பாத்த நீ பொய் சொல்றேன்னு நினைப்பாங்க."

கிளெனிஸ் மறுபடி குனிந்தாள். 'ஒரு மணி நேரம் தனியாக இருந்தால் செத்தா போய்விடும் என்றேன்.' அந்தக் கேள்விக்குறி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நோயலீன் விரலை நீட்டி அதைப் போட்டுக் கொடுத்தாள். அனுப்புகிற பொத்தானை கிளெனிஸ்தான் அழுத்தினாள்.

கிளப்பின் பெரிய சன்னலுக்குள் தலைகள் தெரிந்தன. ஒரு தலை குனிந்தது. பிறகு அடுத்தது. கோரல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த ஹீத்திடம் போனை நீட்டினாள். அவன் கோப்பையைச் சன்னல் மேடையில் வைத்தான். படித்தான். மேலே விரலால் தள்ளிவிட்டு மறுபடி படித்தான். அப்புறம் தலையைத் தூக்கி, கார்கள் நின்ற பக்கம் பார்த்தான்.

கிளப்புக்கும் கார்களுக்கும் நடுவில் பந்து உருட்டும் புல்தரை. குளிர்காலம் முழுக்கக் கயிறு கட்டிப் பூட்டி, கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார்கள்; செருப்புக் காலோடு அதில் ஒருவரும் இறங்கியதில்லை. சுற்றிப் போகத்தான் சிமெண்டுப் பாதை. ஹீத் வெளியே வந்து, பாதையைப் பார்க்காமல், நேராகக் கயிற்றைத் தாண்டிக் கால் வைத்தான்.

தாழ்வாரத்தில் நின்ற புல் பராமரிக்கும் கிழவர் "ஏய்! புல்லு…" என்று கையை உயர்த்தினார். யாரோ அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

அவன் முகம் இன்னும் தெரியும் தூரத்துக்கு வரவில்லை. கிளெனிஸ் கார்க் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். மழை ஊறிய மண்ணில் அடக்கத்துக்கு அவன் போட்ட கறுப்புச் சப்பாத்துகள் ஒவ்வோர் அடிக்கும் ஒரு குழி போட்டுக்கொண்டு வந்தன.